செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு கல்

எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. நான் பெற்று வளர்த்தது மூன்று பேர். முதலில் ஒரு பெண், அவளுக்குக் கீழே இரண்டு ஆண். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் இப்போதும் மூன்று என்றுதான் சொல்கிறேன். என்ன செய்கிறார்கள் என்று அடுத்துக் கேட்பார்கள். மூத்தவள் டீச்சர் என்பேன். அதற்குள் நான் இறங்குகிற இடம் வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு வாசிப்பேன், ரேஷன் கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எழுத்துக்கூட்டாமல் பார்த்தவுடன் எனக்கு வாசிக்க வருகிற ஒரே சொல் என் மகளின் பெயர். அந்தப் பெயரை வானத்தில் ஒரு கல்லுக்கு வைக்க வேண்டும் என்று நான் பட்ட ஆசையைத்தான் இங்கே சொல்கிறேன். நான் வாயால் சொல்லச் சொல்ல, மூத்த மகனின் மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள். காலேஜ் படிக்கிற பிள்ளை. என் கொச்சையைத் திருத்திக்கொள்ளட்டும், ஆனால் ஒன்றையும் கூட்டக் கூடாது, யார் பெயரும் எழுத்தில் வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மகளைப் படிக்க வைத்தது நான்தான். என் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே போய்விட்டார். கடலைக் கொல்லையில் களை எடுத்தேன், முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கினேன், ஆடு வளர்த்தேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அவள் புதுக்கோட்டைக்குப் போய் காலேஜில் பிசிக்ஸ் படித்தாள். அந்தச் சொல்லை நான் சொல்கிற விதத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு எங்கள் அரிமளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் ஆனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு டீச்சர் வீடு என்று பெயர் வந்தது. அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் பெயரே கிடையாது.

கல்யாணம் மட்டும் கூடி வரவில்லை. ஜாதகத்தில் ஏழில் செவ்வாய். செவ்வாய் உள்ள பெண்ணுக்குச் செவ்வாய் உள்ள மாப்பிள்ளையாகத்தான் பார்க்க வேண்டும். ஜோசியர் ஒவ்வொரு முறையும், வியாழ நோக்கம் வரட்டும், தன்னால் அமையும் என்பார். வியாழன் வருடத்துக்கு ஒரு வீடு மாறினார். இவளுக்கு ஒன்றும் அமையவில்லை. இலுப்பூரில் ஒரு இடம் தாம்பூலம் மாற்றுகிற வரைக்கும் வந்தது. கடைசியில் அந்தப் பையன் ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டியதில் அங்கே செவ்வாய் இல்லை என்று ஆகிவிட்டது. மகள் தலையில் வைத்திருந்த பூவை எடுத்துச் சாமி படத்தில் போட்டுவிட்டு மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் சில வருடம் பார்த்தேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, “போதும் ஆத்தா, இனிமே ஆரையும் வரச் சொல்லாத” என்றாள். சாப்பாட்டுத் தட்டை விட்டு நிமிராமல் சொன்னாள். நானும் நிறுத்திவிட்டேன்.

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே பாடம் நடத்த வேண்டும் என்று அவள் ஒரு லேப்டாப் வாங்கினாள். நோய் அடங்கின பிறகு சனிக்கிழமைகளில் அதில் வேறு ஒரு வேலை நடந்தது. அவளும், அதே பள்ளிக்கூடத்துக் கணக்கு சாரும், பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். நான் ஒரு ஓரமாக விதைக்கடலை உடைத்துக்கொண்டிருப்பேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே இவர்கள் நட்சத்திரம் பார்ப்பார்கள்.

“பட்டப்பகல்ல எங்கிட்டுடி நட்சத்திரம் தெரியுது?” என்று கேட்டேன்.

“இது வெளிநாட்டுல பெரிய தொலைநோக்கி வச்சு எடுத்த படம் ஆத்தா. ஒரே எடத்தை விட்டு விட்டு நாலு தடவ எடுத்துருக்காங்க. மாத்தி மாத்திப் பார்த்தா நட்சத்திரமெல்லாம் அப்படியே நிக்கும். எது நகருதோ அது கல்லு.”

“கேப்பையைச் சொளகுல கொட்டிட்டு வண்டு பார்ப்பமே, அது மாதிரியா?”

அவள் கணக்கு சாரைப் பார்த்து, “கேட்டீங்களா சார், நான் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தேன்” என்றாள். பிள்ளைகள் சிரித்தன.

அந்தக் கல்லை அவள் கண்டது அப்படி ஒரு சனிக்கிழமைதான். சத்தம் போடவில்லை. கணக்கு சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள், பிள்ளைகளிடம் காட்டினாள், பட்டியலில் இருக்கிற கல்லா இல்லையா என்று வெகு நேரம் தேடினார்கள். பட்டியலில் இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டாள். எனக்கு அப்போது கண்ணில் புரை. கறுப்பும் வெள்ளையுமாகப் புகை மாதிரிதான் தெரிந்தது.

“எனக்குத் தெரியலத்தா.”

என் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திரையில் வைத்தாள். “இந்தா, இங்க இருக்கு. இப்ப இங்க. இப்ப பாரு, இங்க வந்துருச்சு.” ஒவ்வொரு படத்துக்கும் என் விரலை ஒரு எள் அளவு நகர்த்தினாள். நான் கல்லைப் பார்க்கவில்லை. அது போன தூரத்தை என் விரல் போனது. அவள் கை சில்லென்று இருந்தது. சந்தோஷம் வந்தால் அவளுக்குக் கை சில்லிட்டுப்போகும்.

அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இந்த மாதிரிக் கற்கள் லட்சக்கணக்கில் சூரியனைச் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன, அதில் ஒன்று என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“செவ்வா என்னையக் கட்ட விடல. வியாழன் கடைசி வரைக்கும் எட்டிப் பார்க்கல. ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்குன்னு ஒரு கல்லு கெடந்துருக்கு பாரு ஆத்தா!”

கணக்கு சார் தரையைப் பார்த்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கும்போது கூடச் சிரிக்காமல் இருக்க முடியாது.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, “அதுக்குப் பேரு வச்சுட்டியா?” என்று கேட்டேன்.

“இப்ப வைக்க முடியாது. இப்போதைக்கு வருசமும் எழுத்தும் சேர்ந்த ஒரு அடையாளம் குடுத்துருக்காங்க. பொறந்த பிள்ளைய பாப்பா பாப்பான்னு கூப்பிடுறோம்ல, அப்படி. அது சூரியனை ஒரு சுத்து சுத்தவே நாலஞ்சு வருசம் ஆகும். திரும்பத் திரும்பப் பார்த்து, இதுதான் அது போற பாதைன்னு உறுதியானாத்தான் நெரந்தரமா ஒரு நம்பர் குடுப்பாங்க. அதுக்கப்பறம் மொதல்ல கண்டுபிடிச்சவங்க ஒரு பேரு சொல்லலாம். பெரியவங்க உக்காந்து சரி சொல்லணும்.”

“ஒம் பேரைச் சொல்லிரு.”

“தன் பேரைத் தானே வச்சுக்கக் கூடாது ஆத்தா. ஒம் பேரைச் சொல்றேன்.”

“ஏம் பேரு ரேசன் கார்டுல இருக்கு. அது போதும்.”

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது அத்தை. பிள்ளையை மடியில் போட்டு, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, காதில் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டும். ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெயர் பிள்ளையின் காதுக்குப் போக வேண்டும். இதோ இதை எழுதுகிறாளே, இவள் காதில் பெயர் சொன்னது என் மகள்தான். அன்றைக்கு மகளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. காற்று மாதிரிதான் வந்தது சத்தம். குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

கல்லைக் கண்ட மறு வருடம் ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கொசுக் காய்ச்சல். முதலில் கஷாயம் குடித்தாள், அரைப் பரீட்சை வருகிறது என்று பள்ளிக்கூடத்துக்கும் போனாள். புதுக்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரத்தத்தில் ஏதோ குறைந்துபோய்விட்டது என்றார்கள். பார்க்க வந்த கணக்கு சாரிடம், “அந்தக் கல்லை யாராச்சும் திரும்பப் பார்த்தாங்களா சார்?” என்று கேட்டாள். அவர், “பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க டீச்சர்” என்றார். அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அவள் பேசினது என்னிடம் தண்ணீர் கேட்டது மட்டும்தான். இதற்கு மேல் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுத வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லிவிட்டேன்.

எழவு வீட்டில் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். என் மகளைத் தூக்கி வளர்த்தவள், அவள் அழுகை பொய்யில்லை. ஆனால் அழுகிற அழுகையில் ஒரு சொல் சொன்னாள். “ஒம் பேரு சொல்ல ஒரு பிள்ளை இல்லாமப் போயிட்டியேடி!” எல்லாப் பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு மட்டும் அப்போது அழுகை நின்றுபோனது. காதில் ஈயத்தை ஊற்றின மாதிரி அந்தச் சொல் உள்ளே போய் இறுகிவிட்டது.

சில மாதத்தில் சின்ன மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் சிங்கப்பூரில் இருந்தான். மருமகள் தாய் வீட்டில் இருந்தாள். நான் போய்க் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அத்தை பேரையே வைத்துவிடலாம் என்று சொன்னேன். மருமகள் கண் கலங்கிவிட்டாள்.

“தப்பா நெனைக்காதீங்க அயித்த. அக்கா மேல எனக்கும் பாசந்தான். ஆனா வாழாமப் போனவங்க பேரு... பொம்பளப் பிள்ளைக்கு வேணாம் அயித்த. எங்கம்மா பயப்படுறாங்க.”

“அவ வாழ்ந்தாத்தா. நல்லாத்தான் வாழ்ந்தா” என்றேன். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானே அவள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். குழந்தைக்கு வேறு பெயர் வைத்தார்கள். அத்தை உட்கார வேண்டிய இடத்தில் என் நாத்தனார் உட்கார்ந்து காதில் சொன்னாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் கல் ஞாபகம் வந்தது. பூமியில் அந்தப் பெயருக்கு இடம் இல்லை என்றால் போகட்டும், அவள் கண்டுபிடித்த கல் இருக்கிறதே. அவளே அவள் பெயரை வைக்கக் கூடாது, சரி. இப்போது அவள் இல்லையே. வீட்டுக்குப் போகாமல் நேராகக் கணக்கு சார் வீட்டில் போய் இறங்கினேன். மூத்த மகனையும் அங்கே வரச் சொன்னேன்.

சார் முழுவதையும் கேட்டார். “கேக்கலாம்மா. கூட இருந்து பார்த்தவங்கங்கிற முறையில நானும் பிள்ளைங்களும் டீச்சர் பேரை எழுதிக் கேக்கலாம். ஒத்துக்கவும் வாய்ப்பு இருக்கு. ஆனா மொதல்ல நம்பர் வரணும். வந்த பெறகுதான் எதுவும்.”

அவர் இரண்டு பேச்சுப் பேசினார். என் மகன் கேட்கலாம் என்கிற முதல் பேச்சோடு எழுந்துவிட்டான்.

மூத்த மகனுக்கு அரிமளத்தில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற கடை. எங்கள் பக்கத்தில் காதுகுத்து, பூப்பு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் ஃபிளெக்ஸ் போர்டு வைத்தால்தான் அது நடந்த மாதிரி. அக்காவின் முதல் வருட நினைவு நாளுக்கு அவன் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு போர்டு வைத்தான். பச்சைப் பட்டுச் சேலையில் அவள் படம். மேலே அவள் பெயர், பெரிய எழுத்தில். கீழே ‘விண்ணில் ஒரு கோளுக்குப் பெயரான எங்கள் குலவிளக்கு’ என்று எழுதியிருப்பதாக வாசித்துக் காட்டினான். அவள் தலைக்குப் பின்னால் வளையம் போட்ட ஒரு உருண்டை இருந்தது.

“அது என்னடா உருண்டை?”

“சனி கிரகம் ஆத்தா.”

“ஏண்டா, செவ்வாய் ஒருத்தர் படுத்துனது பத்தாதா? சனியை வேற கூட்டியாந்து நிப்பாட்டியிருக்க.”

“அவன் கம்ப்யூட்டர்ல கோளுன்னு போட்டா அதுதான் வருதாம் ஆத்தா. பார்க்க எடுப்பா இருந்துச்சு.”

எடுப்பாகத்தான் இருந்தது. நம்பர் வராமல் இப்படிப் போடலாமா என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அந்தப் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் நான் பார்த்ததில்லை. பஸ் திரும்பும்போதே தெரியும். கண் புரையை எடுத்திருந்த சமயம் அது. எழுத்துக்கூட்டாமல் ஒரே பார்வையில் வாசித்துவிடுவேன்.

ஊர் நம்பியது. கண்டக்டர், “டீச்சரம்மா கிரகத்துக்கு ஒரு டிக்கெட்டா?” என்று கேலி பண்ணுவார். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது. நாத்தனார் ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு, “மதினி, எதுன்னு காட்டுங்க, கும்பிட்டுக்குறேன்” என்றாள். கண்ணுக்கெல்லாம் தெரியாது என்றேன். “கண்ணுக்குத் தெரியாம இருந்தா என்ன, பேரு இருக்குல்ல” என்றாள். எழவு வீட்டில் சொன்ன வாய்தான். அன்றைக்கு என் காதில் இறுகிக் கிடந்தது கொஞ்சம் இளகியது. மற்றவர்கள் வைக்கிற போர்டெல்லாம் விசேஷம் முடிந்தவுடன் இறங்கிவிடும். எங்களுடையது மகனின் சொந்த இரும்புச் சட்டம், சொந்த இடம். மழையிலும் வெயிலிலும் அப்படியே நின்றது.

போன வருடம் கோடை லீவில் கணக்கு சார் பைக்கில் வந்தார். நான் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தேன். மோர் கொடுத்தேன். குடித்து முடித்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

“நம்பர் வந்துருச்சும்மா.”

நான் தழையைப் போட்டுவிட்டேன்.

“உக்காருங்கம்மா. முழுசாச் சொல்லிர்றேன். கல்லோட பாதையைக் கணக்குப் போட்டுப் பின்னோக்கிப் போயிருக்காங்க. பல வருசம் முந்தி இன்னொரு தேசத்துல ஒரு கூட்டம் இதே கல்லை ரெண்டு ராத்திரி பார்த்துப் பதிவு பண்ணியிருக்கு. அதுக்கப்பறம் அவங்களுக்கு அது தட்டுப்படல. காணாமப் போச்சு. டீச்சர் பார்த்தது அதைத்தான்னு இப்ப தெரிஞ்சுருக்கு. ரெண்டையும் சேர்த்ததுனாலதான் பாதை உறுதியாகி நம்பரும் சீக்கிரம் கெடைச்சுது.”

“அப்ப நல்லதுதான?”

“மொதல்ல பார்த்தவங்க அவங்கம்மா. கண்டுபிடிச்சவங்கன்னு அவங்க பேருதான் இருக்கும். அந்தக் கல்லுக்குப் பேரு சொல்ற உரிமையும் அவங்களுதுதான்.”

“அப்ப எம்பொண்ணு பார்த்தது பொய்யா சார்?”

“ஐயோ, பொய்யில்லம்மா. தொலைஞ்சு போனதத் திரும்பப் பார்த்தது டீச்சர்தான். அது பதிவுல இருக்கு. ஆனா மொதல்ல பார்த்தது இல்ல.”

அவர் கண் சிவந்திருந்தது. வரும் வழியிலேயே அழுதிருக்க வேண்டும். நான் அழவில்லை. அந்தத் தேசத்துக்காரர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒன்றும் வைக்கவில்லை என்றார். அவர்கள் பார்த்த கற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் யாரும் பெயர் வைப்பதில்லை, முக்கால்வாசிக் கற்கள் வெறும் நம்பரோடுதான் சுற்றுகின்றன என்றார்.

“அவங்களுக்கு வேணாம்னா நமக்குக் குடுக்கலாம்ல?”

“நம்பர் வந்ததுல இருந்து பத்து வருசம் உரிமை அவங்களுக்கும்மா. அதுக்குள்ள வைக்கலன்னா, பெறகு மத்தவங்க கேட்டுப் பார்க்கலாம்.”

எனக்கு அப்போதே எழுபத்தைந்து. அவர் அதை நினைத்துத்தான் அவ்வளவு மெதுவாகச் சொன்னார். வேண்டாம் சார், யாரிடமும் போய்க் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றேன். அவர் பைக்கைத் திருப்புகிற வரைக்கும் நிமிர்ந்துதான் நின்றேன். பிறகு ஆட்டுக்குத் தழையைக் கட்டி முடித்தேன்.

எனக்கு வந்த ஆத்திரம் யார் மேலும் இல்லை. அந்தத் தேசத்துக்காரர்களும் பாவம், கண்ணால் கண்டு தொலைத்தவர்கள்தானே. ஆனால் அவர்களுக்கு அது ஆயிரத்தில் ஒன்று. எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் மகன் கடைக்குப் போய், போர்டை இறக்கச் சொன்னேன். அவன் குதித்தான்.

“ஏன் ஆத்தா? நம்ம ஊர்ல ஆருக்கு இதெல்லாம் தெரியப்போகுது? எந்த ஆபீசர் வந்து கேக்கப்போறாரு? அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“தப்பா எழுதுன கணக்கைப் போர்டுல அழிக்காம வகுப்பை விட்டு வருவாளாடா ஒங்க அக்கா?”

“இது கணக்கு இல்ல ஆத்தா. அக்கா.”

அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்துவிட்டது. கடைக்குள் போய்ப் பந்தல் துணிக் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டான். பெரிய ஆள், தலை நரைத்தவன்.

நான் கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். காலை பஸ்ஸுக்குக் கூட்டம் நின்றது. கீழ்க் கயிற்றை அறுத்தேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “என்னம்மா, புதுசு மாத்தப் போறீங்களா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. அந்தக் கல்லு எங்களுது இல்லையாம். எம்பொண்ணுக்கு முந்தியே பார்த்தவங்க இருக்காங்களாம். அவ பேரு அதுக்குக் கெடையாது.”

எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். முணுமுணுத்தால் பிறகு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். மேல்கயிறு எனக்கு எட்டவில்லை. அவள் பெயருக்கு நேரே கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். எத்தனை எம்பினாலும் ஒரு எள் அளவு, இன்னும் ஒரு எள் அளவு என்று விரல் பற்றாமலே போனது. திரையில் என் விரலைப் பிடித்து நகர்த்தின கை அப்போது ஞாபகம் வந்துவிட்டது. நல்ல வேளை, போர்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன், முகம் யாருக்கும் தெரியவில்லை.

மகன் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். ஏறி மேல்கயிற்றை அறுத்தான். அவள் மடங்கி எங்கள் இரண்டு பேர் கையிலும் விழுந்தாள்.

ஊர் பேசாமல் இருக்குமா? நாத்தனார் ரேஷன் வரிசையில் வைத்தே கேட்டுவிட்டாள். “வானத்துல பேரு ஏறிருச்சுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே மதினி. நான் வேற எங்கூட்டுச் சம்பந்திகிட்ட எல்லாம் பெருமையடிச்சுத் தொலைச்சேன்.”

“பேரு ஏறல. ஆனா பார்த்தா. ஒலகத்துல எல்லாரும் தொலைச்சதை நம்ம வீட்டுக் கூடத்துல உக்காந்து பார்த்தா. அதைச் சொல்லு ஒஞ் சம்பந்திகிட்ட.”

அவள் வரிசையில் முன்னால் நகர்ந்துகொண்டாள். அன்று மத்தியானம் ஜெகதாப்பட்டினத்து மீன்காரரிடம் வாங்கின நண்டில் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் மகளுக்கு நண்டு என்றால் உயிர். அதை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. நண்டை உடைத்து உடைத்து வைத்தாள், நான் சாப்பிட்டேன்.

அந்த ஃபிளெக்ஸை என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் இறக்கின போர்டு எல்லாம் கடலைக் குவியலை மூடவும் கொட்டகைக்குப் போடவும்தான் ஆகும். கெட்டியான துணி, மழை இறங்காது. மகன் அதைச் சுருட்டிப் பரணில் வைக்கச் சொன்னான். எலி கடிக்கும் என்றேன். போன மழைக்கு முன்னால் ஆட்டுக்கொட்டகை மேல் போட்டுக் கட்டச் சொன்னேன். வெள்ளைப் பக்கம் வானத்தைப் பார்த்து இருக்கிறது. அவள் படம் இருக்கிற பக்கம் உள்ளே. காலையில் ஆட்டை அவிழ்க்கப் போனால் தலைக்கு மேலே பச்சைச் சேலையோடு இருப்பாள். பின்னால் அந்தச் சனி. ஒரு மூலையில் அவள் பெயர். அதைப் பார்த்து வாசித்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பேன். மழை பெய்தால் அவள் மேல்தான் விழுகிறது. நானும் ஆடுகளும் நனைவதில்லை.

கல் இப்போதும் சுற்றுகிறது. நான் சாகிற வரைக்கும் அதற்கு நம்பர்தான். பத்து வருடம் கழித்து நான் கேட்டுப் பார்க்கிறேன் என்று இதை எழுதுகிறவள் சொல்கிறாள். உன் இஷ்டம் ஆத்தா, அப்போது நான் வந்து தடுக்கவா போகிறேன்? எனக்குத் தோன்றுவதெல்லாம், அது பெயர் இல்லாமல் அங்கே சுற்றட்டும், இந்தப் பெயர் கல் இல்லாமல் இங்கே இருக்கட்டும். எழுத்தில் மட்டும் வேண்டாம். ஒரு தரம் ஏற்றி, என் கையாலேயே இறக்கியாகிவிட்டது.

“எழுதிட்டியா? சரி, மொதல்லேருந்து வாசி, எங்கயாச்சும் கூட்டியிருக்கியான்னு பார்க்குறேன். அங்கிட்டு வேணாம், அந்தக் காது கேக்காது. இங்கிட்டு வந்து ஒக்காரு. மகள்னு எழுதியிருக்குற எடத்துல எல்லாம் ஒங்க அத்தை பேரைச் சொல்லி வாசி ஆத்தா. எழுதாத, வாயால மட்டும் சொல்லு. ஒங் காதுல அவ சொன்னாள்ல, அந்த மாதிரி.”